ஒலியும் ஒளியும் செல்லும் வடங்கள்

வீட்டிற்குப் புதிதாகத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கச் செல்பவர், பெட்டியைத் தெரிந்தெடுத்த பின்னர் இன்னொரு பொருளையும் தெரிந்தெடுக்க வேண்டியவராகின்றார். கேபிள் என வழங்கும் வடமே அப்பொருள். கடைக்காரர் இரு வடங்களை எடுத்து மேசைமேல் வைக்கின்றார். இரண்டின் முனைகளும் ஒரே வடிவின. இரண்டும் ஒரே துவாரத்திற் பொருந்துவன. ஆயினும் ஒன்றின் விலை மற்றதன் விலையிற் பத்து மடங்கு. விலைமிக்க வடத்தின் முனைகள் பொன்முலாம் பூசப்பெற்றவை. அதன் உறை தடித்தது. அதனூடாக வரும் படம் தெளிவும் நிறச்செழுமையும் மிக்கதாயிருக்கும் என்பது விற்பவர் கூற்று. வாங்குபவரோ அதனை மறுத்துரைக்க அறியார். முழுமனத்தோடு ஏற்கவும் மாட்டார். பெரும்பணம் கொடுத்து வாங்கிய பெட்டியைச் சிறுபணத்து வடத்தாற் கெடுப்பானேன் என எண்ணி, ஈற்றில் விலைமிக்கதையே வாங்கிச் செல்வோர் பலர்.

அக்கூற்று மெய்யோ பொய்யோ என்பதை வடத்தின் விலையையும் தோற்றத்தையும் நோக்கித் துணிதல் இயலாது. வடத்தினூடாகச் செல்வது யாது, அது எவ்வாறு செல்கின்றது, வழியில் அதற்கு நேரும் கேடு எத்தன்மையது என்பனவற்றை ஆராய்ந்தே துணிதல் வேண்டும். அவ்வாராய்ச்சி ஈண்டுச் சுருக்கமாகத் தரப்படுகின்றது.

ஒப்புமை முறை

ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் உண்டாகும் ஏற்றவிறக்கம். ஒலிவாங்கி அதனை, அதற்கு நேரொத்த மின்னழுத்தத்தின் ஏற்றவிறக்கமாக மாற்றுகின்றது. காற்று எவ்வாறு அலைந்ததோ அவ்வாறே மின்னும் அலையும். இங்ஙனம் மூலத்தை ஒத்து இடையறாது மாறிவரும் மின்னலையைக் கொண்டு செய்தியை அனுப்பும் முறை ஒப்புமை முறை எனப்படும். பழைய வானொலி, இசைத்தட்டு, காந்த நாடா, பழைய தொலைக்காட்சி என்பன யாவும் இம்முறையையே கைக்கொண்டன. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் பின்புறத்திற் காணப்படும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துவாரங்களும் இம்முறைக்கு உரியனவே. மஞ்சள் படத்திற்கும், வெள்ளை இடப்புற ஒலிக்கும், சிவப்பு வலப்புற ஒலிக்கும் அமைந்தவை.

இம்முறையில் வடத்தின் தரம் முதன்மை பெறும். அலையின் வடிவமே செய்தியாதலால், வடிவத்தில் நேரும் மிகச்சிறு மாற்றமும் செய்தியில் நேரும் மாற்றமாகும். வடம் அலையின் ஒரு பகுதியைத் தளர்த்தினாற் படம் மங்கும். அயலிற் செல்லும் மின்கம்பியின் துடிப்பு வடத்திற் கலந்தால் ஒலிபெருக்கியில் இரைச்சல் எழும். வந்து சேர்ந்த அலையில் மூலம் எது, கலப்பு எது எனப் பிரித்தறியும் வழி வாங்குங் கருவிக்கு இல்லை. எனவே நல்ல வடம் நல்ல படத்தைத் தரும், அதனினும் நல்ல வடம் அதனினும் நல்ல படத்தைத் தரும் என்னும் கொள்கை அம்முறைக்குப் பொருந்துவதே. இக்காலத்து வடங்களுக்கும் அக்கொள்கையை அவ்வாறே நீட்டிக் கூறுதலிலேயே மயக்கம் தொடங்குகின்றது.

இலக்க முறை

இலக்க முறையில் அலை அலையாகவே அனுப்பப்படுவதில்லை. குறித்த கால இடைவெளிதோறும் அதன் உயரம் அளக்கப்பட்டு, அவ்வளவு ஓர் எண்ணாக எழுதப்பட்டு, அவ்வெண்ணே அனுப்பப்படுகின்றது. பேச்சொலியை இவ்வாறு எண்களாக்கி அனுப்பும் முறையை அலெக் றீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1937 இற் பாரிஸ் நகரில் வகுத்தார். 1948 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குளோட் சனன், எச்செய்தியையும் இரண்டில் ஒன்றைத் தெரிதலாகிய சிற்றலகுகளாற் பகுத்து அளக்கலாம் எனக் காட்டினார். பிற்று என்பது அவ்வலகின் பெயர். பூச்சியம், ஒன்று என்னும் இரண்டனுள் யாதாயினும் ஒன்றே ஒரு பிற்றின் மதிப்பாகும்.

சோனி, பிலிப்ஸ் என்னும் இரு நிறுவனங்கள் வகுக்க, 1982 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தட்டு இம்முறையை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. மனிதர் செவி செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையிலான ஒலியையே கேட்க வல்லது. ஓர் அலையை எண்களினின்றும் மீட்டுப் பெறுவதற்கு அதன் மீடிறனின் இரு மடங்கிற்கு மேற்பட்ட அளவைகள் வேண்டும். ஆதலாற் குறுந்தட்டில் ஒலி செக்கனுக்கு 44,100 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவையும் 16 பிற்றுகளால் எழுதப்படுகின்றது. இடம், வலம் என்னும் இரண்டிற்கும் சேர்த்துச் செக்கனுக்கு 1,411,200 பிற்றுகள் வேண்டப்படும்.

இம்முறையின் சிறப்பை ஏட்டுச்சுவடி படியெடுத்த வழக்கத்தைக் கொண்டு எளிதில் உணரலாம். ஓவியம் ஒன்றைப் பார்த்து ஒருவர் வரைகின்றார். அவர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் வரைகின்றார். பத்தாவது படி மூலத்தினின்றும் வெகுதூரம் விலகிப்போகும். சுவடியின் நிலை அதுவன்று. பழைய ஏட்டிலே 'க' என்னும் எழுத்து மங்கியிருக்கலாம், சாய்ந்திருக்கலாம், அதன் ஒரு மூலை செல்லரித்திருக்கலாம். படியெடுப்பவர் அது 'க' என அறிந்துகொள்ளும் வரையிற் குற்றமில்லை. அவர் புதிய ஏட்டில் மங்கிய 'க'வை எழுதுவதில்லை. செவ்விய புதுக் 'க'வையே எழுதுகின்றார். எழுத்து இன்னதென அறியவொண்ணாத அளவிற்கு ஏடு சிதைந்தபோதே பிழை நேரும்.

இலக்கமுறை வடத்தினூடாகச் செல்லும் மொழிக்கு எழுத்து இரண்டே. மின்னழுத்தம் உயர்ந்த நிலை ஒன்று. தாழ்ந்த நிலை மற்றொன்று. வழியில் அவை சிறிது தளரினும், சிறிது அயற்கலப்பு உறினும், வாங்குங் கருவி உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை மாத்திரம் அறிந்து, எண்ணைப் பழுதின்றிப் புதிதாக எழுதிக்கொள்ளும். தளர்ச்சியும் கலப்பும் அவ்விடத்தே ஒழிந்துபோகும்.

நிறச்செழுமை பற்றிய கூற்றிற்கு விடை இதனுள்ளே அடங்கியிருக்கின்றது. தொலைக்காட்சிப் படம் பல இலட்சம் புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் பொதுவாகச் சிவப்பிற்கு 8, பச்சைக்கு 8, நீலத்திற்கு 8 ஆக 24 பிற்றுகளால் எழுதப்படும். வடம் ஒன்று படத்தின் நிறத்தைச் செழிப்பாக்க வேண்டுமாயின், செல்லும் எண் ஒவ்வொன்றையும் படித்து, அவற்றையெல்லாம் ஒரே திசையிற் கணித்து மாற்றுதல் வேண்டும். அது செம்புக் கம்பிக்கு இயலும் செயலன்று. வடத்தாற் பிழை நேருமாயின் அது தாறுமாறாகவே நேரும்: படத்திலே வெண்பொறிகள் தெறிக்கும், கோடுகள் தோன்றும், அன்றிப் படமே மறைந்துபோகும். எண்கள் சரியாக வந்து சேர்ந்தபின், பத்து மடங்கு விலையுள்ள வடம் கொண்டுவருவதும் அதே எண்களையன்றி வேறில்லை.

வடங்களின் வகை

இன்று வீடுகளில் இலக்கச் செய்தியைக் கொண்டு செல்லும் வடங்களுள் மூன்று சிறப்பாக அறியத்தக்கன.

முதலாவது, ஒலியை மாத்திரம் கொண்டுசெல்லும் ஓரச்சு வடம். நடுவில் ஒரு கம்பியும் அதனைச் சூழ்ந்து குழாய்போல் ஒரு கம்பிவலையும் அமைந்தது இது. இவ்வமைப்பிற்கு ஒலிவர் எவிசைட் என்னும் ஆங்கிலேயர் 1880 இல் உரிமைப்பத்திரம் பெற்றார். சூழ்ந்துள்ள வலை அயலிலிருந்து வரும் துடிப்பு உட்புகாது காக்கின்றது. சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் இலக்க ஒலிக்கென வகுத்த முறையில் இவ்வடம் 75 ஓம் தடங்கல் உடையதாயிருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. பழைய மஞ்சள்நிறப் பட வடமும் 75 ஓம் உடையதாதலால், ஓரிரு மீற்றர் தூரத்திற்கு அதனையே இதற்குப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, தோசிபா நிறுவனம் 1983 இல் வெளியிட்ட ஒளியிழை வடம். இதனிற் செல்வது மின்னன்று, செந்நிற ஒளி. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள நெகிழி இழையினுள் ஒளி முழுவுட்டெறிப்பினால் வெளியேறாது சென்று மறுமுனையை அடைகின்றது. ஒளியின் தோற்றமும் மறைவுமே ஈண்டு இரண்டு எழுத்துக்கள். கருவிகளிடையே மின்தொடர்பு இல்லாமையால், நிலத்தொடுப்பு வேறுபாட்டால் எழும் இரைச்சல் இதன்வழியே பரவாது. இழையைக் கூர்மையாக மடித்தலும் முனையில் தூசி படியவிடலும் ஆகா. இரு தட ஒலியும், சுருக்கி எழுதப்பட்ட பலதட ஒலியும் இதனிற் செல்லும். இழப்பின்றி எழுதப்பட்ட பலதட ஒலிக்கு இதன் வழி போதாது.

மூன்றாவது, படத்தையும் ஒலியையும் ஒருங்கே கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. வடம். இற்றாச்சி, மற்சுசிற்றா, பிலிப்ஸ், சிலிக்கன் இமேஜ், சோனி, தொம்சன், தோசிபா என்னும் ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த இம்முறையின் முதல் விதிநூல் 2002 டிசெம்பரில் வெளிவந்தது. இதன் முனையில் 19 தொடுகைகள் உள. அவற்றுட் செய்தியைக் கொண்டு செல்வன முறுக்கிய இணைக்கம்பிகள். ஓர் இணையின் ஒரு கம்பியில் அழுத்தம் உயரும்போது மற்றதில் தாழும். வாங்குங் கருவி அவ்விரண்டின் வேறுபாட்டையே நோக்கும். அயலிலிருந்து புகும் துடிப்பு இரு கம்பிகளையும் ஒப்பத் தாக்குமாதலால், வேறுபாட்டை எடுக்குமிடத்து அது பெரும்பாலும் நீங்கிவிடும். ஏனைய தொடுகைகளுட் சில, கருவிகள் ஒன்றோடொன்று உரையாடற்கு உரியன. தொலைக்காட்சிப் பெட்டி தான் காட்டவல்ல படத்தின் அளவு இன்னதென அனுப்புங் கருவிக்கு அறிவிப்பது அவற்றின் வழியேதான்.

வடத்தின் எல்லை

இதுவரை கூறியதைக் கொண்டு எவ்வடமும் எவ்விடத்தும் போதும் எனத் துணிதல் பிழையாம். எழுத்து அறியக்கூடியதாய் இருக்கும் வரையிற் குற்றமில்லை என்பதே விதி. அறியவொண்ணாத நிலை எப்போது நேரும் என்பதும் ஆராயத்தக்கது.

1858 இல் அயர்லாந்திற்கும் நியூபவுண்லாந்திற்கும் இடையே அத்திலாந்திக் கடலின் அடியில் தந்திவடம் இடப்பட்டது. விக்ரோறியா மகாராணியார் அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்து அதனூடாகச் செல்ல ஏறக்குறைய 16 மணித்தியாலம் எடுத்தது. ஒரு முனையிற் கூரியதாய்ப் புகுந்த மின்துடிப்பு மறுமுனையில் நீண்டு பரந்து, தனக்குப் பின்வந்த துடிப்போடு கலந்தமையே தாமதத்திற்குக் காரணம். உவைற்கவுஸ் என்பவர் அழுத்தத்தைப் பெரிதும் உயர்த்தி அனுப்ப, அவ்வடம் சில வாரங்களிற் பழுதடைந்தது. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற உவில்லியம் தொம்சன், துடிப்புப் பரவும் இயல்பைக் கணித்துக் காட்டி, நுண்ணிய துடிப்பையும் காட்டவல்ல கண்ணாடிக் கல்வனோமானியை அமைத்தார். எழுத்து இரண்டேயாயினும், அவை விரைந்து செல்லும்போது ஒன்றன்மேல் ஒன்று படியலாம் என்பது அன்றே தெளிவாயிற்று.

வீட்டிலுள்ள வடம் சில மீற்றர் நீளமே உடையதாயினும், அதனிற் செல்லும் வேகம் தந்தியின் வேகத்தினும் பல கோடி மடங்கு. கணக்கு எளியது. 1,920 நிரல்களும் 1,080 நிரைகளும் உள்ள படம், இடைவெளிக்கென விடப்படும் பகுதியையும் சேர்த்து 2,200 × 1,125 புள்ளிகளாக அனுப்பப்படும். செக்கனுக்கு 60 படங்கள் எனின் புள்ளிகள் 14 கோடி 85 இலட்சம். புள்ளி ஒன்றுக்கு 24 பிற்றுகள். ஒவ்வொரு 8 பிற்றும் செம்மை கருதி 10 பிற்றாக எழுதப்படும். ஆகவே செக்கனுக்கு 445 கோடியே 50 இலட்சம் பிற்றுகள் செல்லும். 3,840 நிரல்களும் 2,160 நிரைகளும் உள்ள 4கே எனப்படும் படத்திற்கு இதன் நான்கு மடங்கு, அதாவது 1,782 கோடி பிற்றுகள் வேண்டும். 2013 இல் வெளிவந்த விதிநூல் செக்கனுக்கு 18 கிகாபிற்று, அஃதாவது 1,800 கோடி பிற்று என எல்லை வகுத்தமை இதுபற்றியே. 2017 இன் விதிநூலில் அவ்வெல்லை 48 கிகாபிற்றாகவும், 2025 இன் விதிநூலில் 96 கிகாபிற்றாகவும் உயர்ந்தது.

இணையத்தின் வழி வரும் அதே 4கே படம் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு கோடி பிற்றுகளுள் அடங்கிவிடுகின்றது. அது சுருக்கி எழுதப்பட்ட வடிவம். பெட்டி அதனை விரித்து, புள்ளி ஒவ்வொன்றையும் முழுமையாக எழுதிய பின்னரே வடத்தினுள் விடுகின்றது. வெளியூரிலிருந்து வந்த வழியைவிட, வீட்டினுள் இரண்டு மீற்றர் செல்லும் வழி ஏறக்குறைய தொள்ளாயிரம் மடங்கு அகலமாயிருக்க வேண்டியது இதனாலேயாம்.

மீடிறன் உயர உயர மின்னோட்டம் கம்பியின் புறத்தோலிலேயே செல்லும். அதனால் இழப்பு மிகும். நீளம் கூடினும் இழப்பு மிகும். முறுக்கு ஒரு சீராய் அமையாவிடின் துடிப்பின் ஒரு பகுதி தெறித்துத் திரும்பும். ஆதலால் உயர்ந்த வேகத்திற்கும் நெடுந்தூரத்திற்கும் தடித்த கம்பியும் செம்மையான வேலைப்பாடும் உண்மையிலேயே வேண்டும். ஆனால் எல்லையினுள் நிற்கும் வடங்கள் யாவும் ஒரே படத்தைத் தருவன. எல்லை கடந்ததும் படம் சிறிது சிறிதாக மங்குவதில்லை. மலைமுகட்டின் விளிம்புவரை நிலம் சமமாயிருந்து பின் திடீரெனச் செங்குத்தாய் வீழ்வதுபோல, பொறி தெறித்தலும் படம் மறைதலும் ஒருங்கே நிகழும். 2017 இன் விதிநூலின்படி அமைந்த கருவிகள் தொடக்கத்திலேயே வடத்தைச் சோதித்து, அது தாங்காதெனின் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வல்லன. அவ்விடத்து வடத்தின் குறையாற் படம் ஒருபடி தாழ்ந்த தரத்தில் வரக்கூடும். அதுவும் விலையின் குறையன்று, தகுதியின் குறையே.

பிழையை அறிதற்கும் வழியுண்டு. வெண்பாவிலே தளை தட்டுமாயின் படியெடுத்தவர் எங்கோ தவறினார் எனப் புலவர் அறிவர். அதுபோலச் செய்தியோடு சில பிற்றுகளை மிகையாகச் சேர்த்து அனுப்பினால், கணக்குப் பொருந்தாவிடத்துப் பிழை புலப்படும். பிழையைக் கண்டதோடு அமையாது திருத்தவும் வல்ல முறை ஒன்றை 1950 இல் றிச்சாட் அமிங்கும், மற்றொன்றை 1960 இல் றீட், சொலமன் என்னும் இருவரும் வெளியிட்டனர். இவ்விருவரின் முறை 2017 இன் எச்.டி.எம்.ஐ. விதிநூலில் இடம்பெற்றுள்ளது.

வாங்குவோர் அறியவேண்டியன

பொன்முலாம் பற்றிய மயக்கம் முதலில் நீங்கல் வேண்டும். மின்னைக் கடத்துவதிற் பொன் செம்பினும் தாழ்ந்தது; வெள்ளியே முதலிடம் பெறும், செம்பு அதனை அடுத்தது. பொன்னின் சிறப்பு அது களிம்பு ஏறாமையே. உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் முனை கறுத்துப் போகாதிருக்க அது உதவும். மெல்லிய அம்முலாமிற்கு ஆகும் செலவு சிறிது. மலிந்த வடங்களிலும் அது காணப்படுவதே அதற்குச் சான்று. வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது வடத்திற்கும் பொருந்தும்.

இரண்டாவதாக, நோக்கவேண்டியது விலைச்சீட்டையன்று, தகுதிச்சீட்டையே. எச்.டி.எம்.ஐ. வடங்கள் பிரீமியம் ஹைஸ்பீட், அல்ட்ரா ஹைஸ்பீட் முதலிய வகைகளாகச் சோதித்துச் சான்றளிக்கப்படுகின்றன. முன்னது 18 கிகாபிற்றிற்கும் பின்னது 48 கிகாபிற்றிற்கும் உரியன. உறையிலுள்ள சான்றுமுத்திரையைக் கைத்தொலைபேசியினாற் படித்து மெய்மையைச் சரிபார்க்கலாம். 4கே படத்தைச் செக்கனுக்கு 60 முறை காட்டும் பெட்டிக்கு முன்னதே போதும். செக்கனுக்கு 120 படங்கள் காட்டும் விளையாட்டுக் கருவிகளுக்குப் பின்னது வேண்டும்.

மூன்றாவதாக, வேண்டிய நீளத்திற்கு மேல் வாங்கலாகாது. உயர்ந்த வேகத்திற் செம்பு வடம் சில மீற்றரோடு அமைதல் நன்று. மண்டபத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்குச் செல்லவேண்டுமாயின், மின்னை ஒளியாக்கி அனுப்பும் வடம் தக்கது. அதற்குத் திசையுண்டு; அனுப்புமுனை, வாங்குமுனை எனக் குறிக்கப்பட்டிருப்பதை நோக்கிப் பொருத்தல் வேண்டும்.

நான்காவதாக, படம் வராதபோதெல்லாம் வடத்தையே குற்றஞ்சாட்டல் தகாது. உரிமை காக்கும் பொருட்டுப் படம் மறைமொழியில் அனுப்பப்படுகின்றது. இரு கருவிகளுள் ஒன்று அம்மறைமொழியை அறியாத பழையதாயின், எத்துணை உயர்ந்த வடமிடினும் திரை கறுத்தே நிற்கும்.

ஐந்தாவதாக, இக்கூறியன யாவும் இலக்கமுறை வடங்களுக்கே உரியன. பெருக்கியிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியில் இன்றும் ஒப்புமை அலையே செல்கின்றது. அங்குத் தூரம் கூடுமாயின் தடித்த கம்பி இடுதல் பயனுடையது; வடத்திற்கென எண்ணிய மிகைப்பணத்தை அவ்விடத்தும், நல்ல ஒலிபெருக்கியிலும் செலவிடுதல் அறிவுடைமை.

இவ்வாற்றால், கடைமேசைமேல் வைக்கப்பட்ட இரு வடங்களைப் பற்றிய வினாவிற்கு விடை தெளிவாகின்றது. இரண்டும் ஒரே தகுதிச்சான்றும் ஒரே நீளமும் உடையனவாயின், அவை தரும் படம் ஒன்றே. மிகுதியாகக் கொடுக்கும் பணம் உறைக்கும் பெயருக்கும் கொடுப்பதாகும். தகுதி வேறுபடின், வேண்டிய தகுதி உடையதையே வாங்கல் வேண்டும். அது விலை குறைந்ததாயினுமாகுக, கூடியதாயினுமாகுக. முந்திய காலத்து உண்மையொன்று, அது நின்ற நிலம் மாறிய பின்னும் பழக்கத்தின் வலியால் உண்மைபோல உலவிவருகின்றது. விஞ்ஞானம் தந்த கருவிகளை வீட்டில் வைத்திருப்போர் அவற்றின் இயல்பையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு இல்லாதவிடத்து, வடத்தினூடாகச் செய்தி செல்வதைவிட விரைவாகக் கையினூடாகப் பொருள் சென்றுவிடும்.